லைட்டை அணைக்க மூணு வழி

வா மாப்ளே. காலங்காத்தால பானெட்டைத் தொறந்து வெச்சிக்கினு நீ நின்னப்பவே நெனச்சேன். ஞாயித்துக்கெழமை வண்டியப் பாக்க ஆளு வர்றாங்க, அதுக்குள்ள மீட்டர்ல எரியற அந்த மஞ்ச எஞ்சின் லைட்டு அணையணும், அவ்ளோதானே? தலையக் குடுத்த குமணன் பேரச் சொல்ற ஊருல, அடுத்தவன் தலையில கட்டற வேலை! இருக்கட்டும். மூணு வழி சொல்றேன், கேட்டுக்க.

மொத வழி, உங்க அத்தையோட ஸ்டிக்கர் பொட்டு. லைட்டு மேல ஒண்ணு ஒட்டிடு, மங்களகரமா இருக்கும். ஆனா வெவரமான ஆளு மொதல்ல சாவிய மட்டும் திருப்பிப் பாப்பான். அப்ப அந்த லைட்டு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லேன்னா உன் பொட்டு வேலை அங்கயே கலைஞ்சிரும்.

ரெண்டாவது, பத்தாம் நம்பர் ஸ்பேனர். பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து மாட்டு. பல வண்டியில லைட்டு போயிரும். கூடவே கடியாரமும் நேரம் மறந்துரும். வியாதி மட்டும் மறக்காது, ரெண்டு நாள்ல திரும்பி வந்து நிக்கும்.

மூணாவதுதான் படிச்சவன் வழி, ஸ்கேனர். ஸ்டீரிங்குக்குக் கீழ 16 பின்னு சாக்கெட்டு ஒண்ணு இருக்குமே, அதுல மாட்டறது. அமெரிக்காவுல 1996லயே இதக் கட்டாயமாக்கிட்டான். எதுக்கு? வண்டி கக்கற புகைய வண்டியே ஒத்துக்கணும்னு. மாட்டுனா பி 0301ன்னு ஒரு நம்பர் வரும்னு வெச்சிக்க. மொத சிலிண்டரு மிஸ்ஸிங்னு அர்த்தம். பிளக்கா, காயிலா, இஞ்செக்டரா, அது சொல்லாது. எந்தத் தெருவுல திருட்டுன்னுதான் சொல்லும், திருடன நீதான் புடிக்கணும்.

நீ இன்னா பண்ணுவே? நம்பரப் படிக்காமலே அழிச்சிடுவே. கோளாறு வந்தப்ப வண்டி எவ்ளோ வேகத்துல போச்சு, எஞ்சின் எவ்ளோ சூடுன்னு அது எழுதி வெச்சிருந்த குறிப்பும் கூடவே போயிரும். டாக்டராண்ட போறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டக் கிழிச்சிப் போட்ட புத்திசாலி நீதான். மொதல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்துக்க மாப்ளே, அப்பறம் அழி.

இதுல வெளையாடக் கூடாத எடம் ஒண்ணு இருக்கு. லைட்டு மின்னி மின்னி எரிஞ்சா, குன்றத்தூர் முருகனே கூப்ட்டாலும் போகாத, ஓரங்கட்டு. எரியாத பெட்ரோலு சைலன்சர் பக்கம் போயி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரிஞ்சி அதைச் சுட்டுரும். பிளக்குல முடிய வேண்டியது பல்லாயிரத்துல போய் நிக்கும்.

கோளாறை நெஜமாவே சரி பண்ணிட்டா அழிக்கறதுக்கே வேலை இல்ல. மூணு தடவை ஒழுங்கா ஓடி, வண்டி தன்னையே சோதிச்சி குத்தம் கண்டுபுடிக்கலேன்னா லைட்டு தன்னால அணைஞ்சிரும்.

‘யாரு மாமா கண்டுபுடிக்கப் போறாங்க’ங்கறியா? நானும் அப்படித்தான் நெனச்சேன். சுகர் டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடியே ஸ்வீட்ட நிறுத்திட்டுப் போனேன். அந்த டாக்டரு சிரிச்சிக்கினே மூணு மாசக் கணக்கு சொல்ற டெஸ்டு ஒண்ண எழுதிட்டாரு. தீவாளி அதிரசம் வரைக்கும் வெளிய வந்துருச்சி. உன் வண்டியிலயும் அந்தக் கணக்கு உண்டு. அழிச்சிட்டா, வண்டி தன்னையே சோதிக்கறதுல எந்தெந்த சோதனை இன்னும் முடியலேன்னு ஸ்கேனர்ல காட்டும். நம்ம பூந்தமல்லி ரோட்டுல ஊர்ந்து ஊர்ந்து அத முடிக்க முடியாது, பைபாஸ் பக்கம் சீரா ஓட்டணும். வர்றவன் கையில ஸ்கேனரு இருந்தா, நேத்துதான் தொடச்சிருக்கேன்னு கேட்டுருவான்.

அதனால அந்த நம்பரச் சொல்லியே வெலை பேசு. ரெண்டாயிரம் கொறையும், ராத்திரி தூக்கம் வரும்.

சரி, ரெண்டு டீ சொல்லு. எனக்கு சக்கர தூக்கலா. அத்தை மாடியிலருந்து எட்டிப் பாக்கறாளான்னு மட்டும் பாத்துக்க.