சீவுளிப் பிரியர்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் காலையில் நடக்கிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள்; குறுக்கே மான் வந்தால் மானைப் பார்ப்பார்கள். சீவுளிப் பிரியர் பழைய இரும்புக் கடை திறந்துவிட்டதா என்று பார்ப்பார். ஆள் ஓய்வூதியக்காரர். அரச சேவையில் இருந்த காலம் முழுவதும் பென்சில்கூடச் சீவியவரல்ல. அதற்குப் பியோன் இருந்தான்.

இந்தச் சீவுளி வருத்தம் ஊரால் வந்தது. 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது கப்பல்களைக் கொண்டுபோயிற்று, சீவுளிகளை விட்டுவிட்டுப் போயிற்று என்பது அவருடைய திடமான நம்பிக்கை. டொக்யார்டில் வேலை செய்தவர்களின் வீட்டுப் பரண்களை எண்ணி அவருக்கு இரவில் நித்திரை வராது.

"நானா, இந்தக் கட்டை என்ன விலை?" பக்கத்தில் கிடக்கும் நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார். ஆசை தெரிந்தால் விலை ஏறுமாம்.

"விறகு எண்டா நூறு ரூபா, சேர். சீவுளி எண்டா மூவாயிரம்."

பேரம் பேசலாம் என்றுதான் குனிவார். முன்பக்கத்தில் அம்புக்குறி தெரியும். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குக் குத்துகிற முத்திரை! மூவாயிரம் கைமாறும். பின்னேரத்துக்குள் அது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் போட்ட குண்டுக்குத் தப்பிய சீவுளியாகிவிடும். அடுத்த கிழமை நெல்சன் காலத்துக்குப் போய்விடும்.

பிறகு வைத்தியம். ஆப்பைப் பிடித்து இழுக்க விடமாட்டார். கட்டையின் பின்தலையில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு. ஆப்பு தானாக இளகும். அலகு ஓரிரவு வினாகிரியில் ஊறும் (அச்சாறுக்கு வாங்கி வைத்த வினாகிரி). துரு கழன்றதும் நுனிக்கு மேலே மெல்லிய கோடொன்று தெரியும்: முதுகு முழுக்க மெல்லிரும்பு, வெட்டுகிற முகத்தில் மட்டும் உருக்கைக் காய்ச்சிச் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்க்காத விருந்தாளிக்குத் தேத்தண்ணி கிடையாது. அடிப்பக்கத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் கீறி, கண்ணாடியில் ஒட்டிய சாண்ட்பேப்பரில் தேய்ப்பார். எல்லாக் கோடும் ஒன்றாக அழிந்தால் அடி மட்டம். கண்ணாடி எந்த அலுமாரியிலிருந்து வந்தது என்பது குடும்ப விவகாரம்.

கடைசியில் ஒரேயொரு சுருள் சீவுவார். அதுவும் பைன் பலகையில். முதிரைப் பக்கம் போகமாட்டார். நார் எதிரும் புதிருமாக ஓடுகிற மரம், பிய்ந்தால் மானம் போய்விடும். சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்துக் கனடாவிலுள்ள மகனுக்கு அனுப்புவார். மகன் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவான். அத்துடன் அந்தச் சீவுளிக்கும் ஓய்வு. மற்றவற்றோடு தட்டில் ஏறிவிடும்.

மாரி வந்தால் குசினிக் கதவு ஊதி இறுகிவிடும்.

"இஞ்ச பாருங்கோ, வீடு முழுக்கச் சீவுளி. ஒரு கதவு பூட்டேலாமக் கிடக்கு."

"அதுகள் அதுக்கில்லையப்பா."

ஓடாவித் தம்பி மின்சாரச் சீவுளியோடு வந்தார். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் கதவு சரி. பிரியர் அந்த இரைச்சலுக்கு முகத்தைச் சுளித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, உங்கட அப்பான்ர பழைய சீவுளி ஏதும் வீட்டில கிடக்கோ?"

"கிடக்கு ஐயா. கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கு."

கூலியைக் கொடுத்தது மனைவிதான். ஐயா அதற்குள் சாரத்தை மாற்றி, தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியிருந்தார்.