தண்ணி காட்டும் பேட்டரி

இன்வர்ட்டர் பேட்டரி அடிக்கடி தண்ணீர் கேட்கிறதே, போர் தண்ணீரை ஊற்றினால் என்ன?
(வாசகர், செல்லூர், மதுரை)

ஊற்றலாம். சீக்கிரமே அது வீட்டுக்காரருக்குத் தண்ணி காட்டிவிடும்!

போர் தண்ணீரில் உள்ள இரும்பும் குளோரைடும் ஈயத் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது தண்ணீர்தான் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. கந்தக அமிலம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும், ஆசிட் கூடவே கூடாது. மூடியில் நிற்கும் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு என்பதால், பூஜை அறை விளக்குப் பக்கம் பேட்டரியை வைக்கவே வேண்டாம்.

டியூபுலரா, லித்தியமா?
(வாசகி, மேலூர்)

கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது?

2012-ல் தென் மாவட்டங்களில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த மாதிரி நீண்ட வெட்டுக்கு, சாதாரணத் தட்டைத் தகட்டைவிட டியூபுலர்தான் தாங்கும். நேர்மின் தகட்டின் ஈயக் கலவையைக் குழாய்களில் அடைத்திருப்பதால் லேசில் உதிராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் தண்ணீரே கேட்காது, எடையும் குறைவு, ஆயுளும் அதிகம். விலைதான் கூடுதல், பழைய இன்வர்ட்டருக்குப் பொருந்துமா என்றும் பார்த்தே வாங்க வேண்டும்.

பேட்டரி ஆராய்ச்சியெல்லாம் வெளிநாட்டில்தானே?
(மாணவர், திருமங்கலம்)

காரைக்குடி எப்போது வெளிநாடானது?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ‘சிக்ரி’, அங்கேதான் இருக்கிறது. ஈயமும் லித்தியமும் இரண்டுமே அங்கே ஆய்வுப் பொருள். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் போதும்.