கட்டில் எங்கே கிடக்கிறது?

கே: வீட்டை மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது என் கட்டில் மாடிப்படிக்குக் கீழே. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. (டேங்க் ஃபேக்டரியில் ஓய்வுபெற்றவர், ஆவடி)

ப: வக்கீல் இல்லாமலே நீங்களே நடத்தலாம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-ஆம் பிரிவு. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு, அதன் நகலோடு ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுங்கள். லைசென்ஸ் தருகிற ஆர்.டி.ஓ. அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்! ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-இல் சென்னைக்குப் போய்விட்டது. ஆபீஸ் மாறிப்போய் வெயிலில் அலையாதீர்கள்.

‘கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் உங்கள் கை ஓங்கும். இல்லையா? அந்த நிபந்தனையை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்கள் பக்கம் தாராளமாகப் பொருள் கொள்ளச் சொன்னது. அந்த மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடக்கம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். சட்டம் வருமுன் எழுதிய பத்திரத்துக்கு மட்டும் இந்தப் பிரிவு உதவாது.

கே: எனக்கு 57 தான். பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 60 ஆகணுமாமே? (பூந்தமல்லி)

ப: பெற்றவர்களுக்கு வயதுக் கணக்கே கிடையாது.

கே: மகளைக் கட்டிக் கொடுத்தாச்சு. அவளிடமும் கேட்கலாமா? (எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர், அம்பத்தூர்)

ப: தாராளமாக. ‘கட்டிக் கொடுத்தாச்சு’ என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. ஆனால் ஜீவனாம்சம் மொத்தத்தில் மாதம் 10,000 ரூபாய்தான் உச்சம். 2007-இல் போட்ட ரேட். முருங்கைக்காய் ஏறிய ஏற்றத்தில் பாதிகூட அது ஏறவில்லை. மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும், சட்டப்படி. ‘சட்டப்படி’ என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

கே: கணவர் இல்லை. கொழுந்தனார் பாகம் பிரித்துத் தர மறுக்கிறார். இதுக்கும் ஆர்.டி.ஓ.தானா? (பூந்தமல்லி)

ப: இல்லை, இது சிவில் கோர்ட் சமாசாரம். கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 1987 சட்டப்படி, பெண் என்றால் வருமானம் பார்க்காமலே வக்கீலும் கோர்ட் கட்டணமும் இலவசம். பொதுவாக ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்குப் போன் போட்டும் விசாரிக்கலாம். அந்த வக்கீலுக்குக் குழுவே ஃபீஸ் தருகிறது. உங்களிடம் கை நீட்டினால் குழுவிடமே புகார் சொல்லுங்கள்.

கே: மனுக் கொடுத்தால் பையன் ஜெயிலுக்குப் போவானா? பயமாக இருக்கிறது. (ஆவடி)

ப: மனுவுக்கே ஜெயில் இல்லை. உத்தரவான பணத்தைக் கட்டாமல் ஏய்த்தால்தான் வாரண்டு, ஒரு மாதம் வரை சிறை. அதற்கு முன்பே சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேசச் சொல்லலாம். அன்றைக்கு உங்கள் பையன் பேரனையும் தூக்கிக்கொண்டு வருவான், பாருங்கள்.