அடியைப் பார்க்கும் ஆசாமி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சனிக்கிழமை விடியற்காலை, இன்னும் திறக்காத ஒரு வீட்டு வாசலில் கையில் டார்ச் லைட்டோடு ஒருவர் நின்றால், திருடன் என்று பதறிப் போலீசைக் கூப்பிட வேண்டாம். அந்த வீட்டில் பாட்டி காலமாகிவிட்டார். பேரப்பிள்ளைகள் எட்டு மணிக்குச் சாமான்களை விற்கப் போகிறார்கள். முதல் ஆளாக உள்ளே நுழைய இவர் வந்திருக்கிறார். துக்கம் விசாரிப்பார். விசாரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக அலமாரியைப் பார்ப்பார்.

கதவு திறந்ததும் மற்றவர்கள் சோபாவிடம் ஓட, இவர் நேரே பூ ஜாடியிடம் போவார். அதில் வரைந்திருக்கும் பூவைப் பார்ப்பாரா? மாட்டார். ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் இருந்தால் அது அவர் சட்டையின் பாடு. பழைய அமெரிக்கக் கலை மட்பாண்டம் சேகரிப்பவர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். பழக்கம் முற்றியவர்கள் விருந்துக்குப் போன வீட்டில் சூப் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்து பார்ப்பதும் உண்டு.

அடியில் அப்படி என்னதான் இருக்கிறது? சின்சினாட்டி நகரத்தில் 1880-ல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்மணி தொடங்கிய ரூக்வுட் தொழிற்சாலை, ஜாடியின் அடியில் ஒரு ஜாதகத்தையே பொறித்து வைத்தது. ஆர், பி என்ற இரண்டு எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். இது 1886-ல் வந்த முத்திரை. அடுத்த ஆண்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தீச்சுடராக அதைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1900-ல் 14 சுடர் ஆயிற்று. அதற்கு மேல் தாங்காதென்று மறு வருஷம் முதல் கீழே ரோமன் எண் போட ஆரம்பித்தார்கள். இவை போக வடிவத்துக்கு ஓர் எண், அளவுக்கு ஓர் எழுத்து, வரைந்தவரின் முதலெழுத்துகள். நம் ஆசாமி உதடு அசையச் சுடர்களை எண்ணுவார். 11 என்றால் 1897. கையெழுத்து ஜப்பானிய லிபியில் இருந்துவிட்டால் நெற்றியில் வேர்வை அரும்பும். 1887-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த கட்டாரோ ஷிராயமதானியின் கைவேலை அது!

அவர் அஞ்சுவது ஒரே ஒரு குறிக்குத்தான். குறையுள்ளது என்று ஒதுக்கிய ஜாடிகளின் அடியில் தொழிற்சாலைக்காரர்களே மெருகைக் கீறி ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பினார்கள். என்ன குறை என்று எழுதி வைக்கவில்லை. நூறு வருஷம் கழித்து இவர் அதைத் தடவித் தடவித் தேடுகிறார். ஒன்றும் அகப்படாவிட்டால், குறி போட்டவனுக்குக் கண் சரியில்லை என்று தீர்ப்பாகிவிடும்.

அடுத்தது விலை பேசும் படலம். ஜாடியை அலட்சியமாக வைத்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் துருப்பிடித்த டோஸ்டரை எடுப்பார். "இது வேலை செய்யுமா?" அதன் ஒயர், அதன் பிளக், அந்தக் காலத்து இரும்பின் தரம் என்று பேச்சு வளரும். கடைசியில் போகிற போக்கில், "சரி, அந்தப் பச்சை ஜாடியையும் சேர்த்து என்ன கொடுக்க?" என்பார். விற்பவர் விவரமானவராக இருந்தால், "டோஸ்டர் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாடி எண்ணூறு டாலர்" என்று பதில் வரும். இப்படிச் சேர்ந்த டோஸ்டர்கள் இவர் வீட்டு நிலவறையில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றிலும் ரொட்டி சுட்டதில்லை.

இவருடைய இலக்கணம் தனி. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த ஜாடி அடுத்தவரிடம் இருந்தால் அது உடைசல். கடைக்காரரிடம் இருந்தால் பாதி விலை. இவரிடம் வந்து சேர்ந்துவிட்டால், "சூளையிலிருந்து வரும்போதே அப்படித்தான்." மெருகில் வலைபோல ஓடும் நுண்விரிசலும் அப்படியே. வாங்கும்போது குறை, விற்கும்போது வயதின் அழகு. அடியில் ஓட்டை போட்டு மேஜை விளக்காக மாற்றிய ஜாடியைப் பார்த்தால் மட்டும் வாயடைத்துப்போவார். ஒரு காலத்தில் ஒயர் நுழைக்க வழி வேண்டுமென்று நல்ல நல்ல ஜாடிகளையெல்லாம் துளைத்துத் தள்ளினார்கள். அந்த எலக்ட்ரீஷியன்கள் இன்று உயிரோடு இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

ஆளை மிகவும் அலைக்கழிப்பது ரோஸ்வில். அதே ஒஹாயோவில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் பெருவாரியாகச் செய்து, 1954-ல் மூடப்பட்ட தொழிற்சாலை. பைன் காயும் மக்னோலியாவும் புடைப்பாக நிற்கும் அதன் ஜாடிகளுக்கு 1990களில் சீனாவிலிருந்து போலிகள் வந்து குவிந்தன. அசலில் ரோஸ்வில் என்ற பெயருக்குக் கீழே யு.எஸ்.ஏ. என்று மேடெழுத்தில் இருக்கும். போலிகள் பலவற்றில் அந்த மூன்றெழுத்து இல்லை. அப்பாடா, பிழைத்தோம் என்கிறீர்களா? பழைய அசல் ஜாடிகள் பலவற்றுக்கு வெறும் காகிதச் சீட்டுதான் ஒட்டியிருந்தார்கள். அது எந்தக் காலத்திலோ கழுவிப் போய்விட்டது. ஆக, குறி இல்லாததும் அசலாக இருக்கலாம், குறி உள்ளதும் போலியாக இருக்கலாம். இந்த நிலையில் மனிதர் தூங்குவது எப்படி? நள்ளிரவில் குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கை ஜாடிமேல் அடித்துக்கொண்டிருப்பார். ஒட்டுப்போட்டு வண்ணம் பூசிய இடம் அந்த வெளிச்சத்தில் வேறு நிறத்தில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே வீட்டார் வரிசையில் நிற்பார்கள்.

மனம் தளரும்போதெல்லாம் இவர் சொல்லும் புராணம் ஒன்று உண்டு. மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சி ஊரில் ஜார்ஜ் ஓர் என்று ஒரு குயவர். மீசையை முறுக்கி விட்டுக்கொண்டு, ஜாடியையும் முறுக்கிக் கசக்கி, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் செய்தவர். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 1918-ல் இறந்தபோது ஆயிரக்கணக்கான பாண்டங்கள் விற்காமல் கிடந்தன. அவற்றைப் பல ஆண்டுகள் கழித்து, மகன்கள் நடத்திய கார் ரிப்பேர்க் கடையில் ஒரு பழம்பொருள் வியாபாரி கண்டெடுத்து மொத்தமாக வாங்கினார். இன்று அந்தக் குயவர் பெயரில் பிலாக்சியில் ஒரு அருங்காட்சியகமே நிற்கிறது. கட்டடத்தை வடிவமைத்தவர் பிராங்க் கெரி. இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து நம் ஆசாமியின் கார் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது.

சொல்லாமல் விழுங்கும் கதையும் ஒன்று இருக்கிறது. ஆண்டீக்ஸ் ரோட்ஷோ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கோர முகங்கள் செதுக்கிய ஒரு ஜாடியை நிபுணர் பார்த்து, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வேலை, 30,000 முதல் 50,000 டாலர் பெறும் என்று மதிப்பிட்டார். பிறகு ஒரு பெண்மணி வந்து, அது 1970களில் பள்ளிக்கூடத்து மண்பாண்ட வகுப்பில் தான் செய்தது என்றார். மதிப்பு பத்தில் ஒரு பங்காக இறங்கியது. எனக்கென்னவோ அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும்.

"பானை பிடித்தவள் பாக்கியசாலி" என்பது நம் ஊர்ப் பழமொழி. இவருடைய மனைவியிடம் அதைச் சொல்லிப் பார்க்கக் கூடாது. வீட்டில் முந்நூறு பூ ஜாடி இருந்தும், தோட்டத்தில் பறித்த ரோஜா பிளாஸ்டிக் டம்ளரில்தான் நிற்கிறது. தண்ணீர் பட்டால் கறை ஏறுமாம்.

இவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நியூகோம் மகளிர் கல்லூரியில் 1890களிலிருந்து எத்தனையோ பெண்கள் ஜாடிகளில் மரமும் பாசியும் நிலவும் தீட்டினார்கள். அவர்களும் அடியில் சின்னஞ்சிறு முதலெழுத்துகளைப் போட்டுவைத்தார்கள். அந்த எழுத்து யாருடையது என்று பட்டியல்களைப் புரட்டித் துருவியவர்களில் இந்தக் கிறுக்கர்களின் பங்கு பெரியது. பேராசிரியர்கள் மட்டுமே தேடியிருந்தால் பல பெயர்கள் இன்னும் கண்ணாடி அலமாரிக்குள் குப்புறக் கிடந்திருக்கும்.

இணைய ஏலம் வந்த பிறகு, அரிது என்று நினைத்தவை வீட்டுக்கு வீடு இருந்தது அம்பலமாகி, ரோஸ்வில் ஜாடிகள் பலவற்றின் விலை இறங்கிவிட்டது. பிள்ளைகளும் வேண்டாம் என்கிறார்கள். ஆகவே இவர் வீட்டுக்குப் போனால் பொறுமையாகக் கேளுங்கள், கேட்க வேறு ஆளில்லை. ஜாடியைக் கையில் கொடுத்தால் ஒரு கையால் அடியைத் தாங்கி, மறு கையால் உடலைப் பிடியுங்கள். கைப்பிடி இருக்கிறதே என்று அதைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். முதலில் உடைவது அதுதான். ஏற்கெனவே ஒருமுறை ஒட்டியதாகவும் இருக்கலாம்.