230 குதிரையும் எங்கள் மாப்பிள்ளையும்

என் அக்கா மகன் திருந்திவிட்டான். இதற்காக அக்கா மருதமலைக்கு நடந்தே போவதாக வேண்டிக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் தொண்டை கட்டும்வரை திட்டினார். தாய்மாமன் என்ற முறையில் நானும் அவ்வப்போது பக்கத்தில் உட்காரவைத்து நாலு நல்ல வார்த்தை சொன்னேன். எங்கள் மூவராலும் ஆகாத காரியத்தைச் செய்து முடித்தது ஒரு டர்போசார்ஜர். முருகனுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறாள் அக்கா. இருக்கலாம்.

அதற்கு முன் அவனிடம் இருந்தது ஒரு பழைய ஸ்விஃப்ட். 2005-இல் முதன்முதலாக வந்த அந்த 1.3 லிட்டர் பெட்ரோல் வண்டி. 87 குதிரைசக்தி, எடை சுமார் ஒரு டன். அதை அவன் ‘ஹாட் ஹேட்ச்’ என்பான். இந்த ஜாதிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜெர்மனியின் கோல்ஃப் ஜிடிஐ. 1976-இல் அது விற்பனைக்கு வந்தபோது, மளிகை வாங்கப் போகிற வண்டியில் 110 குதிரையை யார் கேட்கப்போகிறார்கள் என்று கம்பெனி ஐயாயிரம் வண்டிக்குத்தான் கணக்குப் போட்டது. முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. கோயமுத்தூருக்கு வந்து சேர்வதற்குள் இலக்கணம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. வண்டி சின்னதாக இருக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஃப்ரீஃப்ளோ மாட்டியிருக்க வேண்டும். ராத்திரியில் யாராவது ஜன்னலைத் திறந்து திட்ட வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது ஹாட் ஹேட்ச்.

அந்த ஸ்விஃப்டைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. எஞ்சினை நன்றாக அலறவிட்டால்தான் அதன் பலம் வெளியே வரும். ஆகவே அவன் எப்போதும் அலறவிட்டான். ரேஸ்கோர்ஸில் வாக்கிங் போகிற பெரியவர்களுக்கு அவனைத் தெரியும். செகண்ட் ஷோ முடிந்து அவன் தெருமுனை திரும்பும்போதே அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவாள். உண்மையான வேகம் என்னவோ அறுபதுதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உலகமே பின்னால் ஓடுவதாகத் தோன்றும்.

இந்த நிலையில்தான் அவன் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். 2017-இல் புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே இருபத்துநாலரை லட்சத்தைத் தாண்டிய வண்டி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், பெயரிலேயே இருக்கிற 230 குதிரை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு வினாடிகூட வேண்டாம். இத்தனைக்கும் பார்த்தால், மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பலகாரம் கொண்டுபோகிற குடும்பக் கார்தான்.

நான் எதிர்த்தேன். ஆதாரத்தோடு எதிர்த்தேன். “மாப்ள, நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன்னு ஓட்டினாரே, அந்த வண்டிலயே டர்போ கிடையாது. உனக்கெதுக்கு?”

“அப்ப தடை பண்ணி வெச்சிருந்தாங்க மாமா. 2014-ல திரும்ப வந்துருச்சுங்க.”

இந்தத் தலைமுறையோடு விவரம் பேசக் கூடாது. அவனே தொடர்ந்து ஆல்ஃபிரெட் பூஹியில் ஆரம்பித்தான். அவர் சுவிட்சர்லாந்து எஞ்சினியராம், 1905-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டாராம். 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் வந்ததாம். அதன் டர்போவுக்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பலர் வண்டியைக் கொடுத்து டர்போவையே கழற்றச் சொல்லிவிட்டார்கள். “நல்ல ஜனங்க” என்றாள் அக்கா. 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவின் முன்பக்கத்தில், ஆம்புலன்ஸில் எழுதுகிற முறையில், எழுத்துகளை இடம்வலம் மாற்றி ‘டர்போ’ என்று எழுதியிருந்ததாம். முன்னால் போகிறவர் கண்ணாடியில் படித்துவிட்டு ஒதுங்குவதற்காக. அங்கே அதற்குக் கண்டனம் கிளம்பியது. நம்மூரில் எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் யாரும் ஒதுங்கமாட்டார்கள்.

விஷயம் முடிவானது வேறு இடத்தில். அக்கா வீட்டுக்காரருக்குக் கணபதியில் பட்டறை. மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்கிறார். பையன் செல்போனில் டர்போவின் குறுக்குவெட்டுப் படத்தை நீட்டினான்.

“இதென்றா, நம்ம இம்பெல்லராட்ட இருக்குது?”

“அதேதானுங்கப்பா. தண்ணிக்குப் பதிலாக் காத்துங்க. எஞ்சின்ல இருந்து வீணாப் போற புகை இந்தப் பக்கத்துச் சக்கரத்தைச் சுத்திவிடும். அதே தண்டுல அந்தப் பக்கம் இருக்கிற சக்கரம் வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள அமுக்கும். காத்து அதிகமாப் போனா பெட்ரோலும் அதிகமா எரியும்.”

“எத்தனை ஆர்பிஎம்?”

“ஒரு லட்சத்துக்கு மேலீங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய மோனோபிளாக் பம்பு 2880-க்குப் பக்கத்தில் சுற்றுகிறது. அதற்கே இம்பெல்லர் பேலன்ஸ் ஒரு நூல் தப்பினால் பேரிங் கத்தி, வாங்கிய விவசாயி பல்லடத்திலிருந்து போன் போட்டு அதைவிடப் பெரிதாகக் கத்துவார்.

“பேலன்சிங் எப்படிறா பண்றாங்க? பேரிங் என்ன போடறாங்க?”

“தண்டு எண்ணெய்ப் படலத்துலயே மிதந்துட்டுச் சுத்துதுங்க.”

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். மைலேஜ், பாதுகாப்பு, மறுவிற்பனை என்று பையன் தயாரித்து வைத்திருந்த வாதம் எதற்கும் வேலை வரவில்லை. “வாங்கிக்கோ” என்றார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குக் கொடுத்த மரியாதை அது. நடுவில் பையன் பலனடைந்தான்.

வண்டி வந்தது. முதல் சவாரிக்குப் பையனின் அம்மா வழிப் பாட்டியான அமுச்சியைப் பின்சீட்டில் ஏற்றினோம். அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய வண்டி தெரு முழுக்கக் கேட்குமே. “ஏஞ் சாமி, சத்தத்தையே காணோம், ரிப்பேர் வண்டியாப் பாத்து வாங்கிட்டியா?” என்று கேட்டுவிட்டாள். பையன் முகத்தில் ஈயாடவில்லை. அமுச்சிக்குப் பதில் சொல்வதற்காக, சாலை காலியாக இருந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாமே நடந்தது. அமுச்சியின் சுருக்குப்பை மடியிலிருந்து கிளம்பிப் பின்கண்ணாடிவரை போய் வந்தது. ஸ்விஃப்ட்டின் முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டர். அதுவும் 4500 சுற்று போனால்தான் முழுதாகக் கிடைக்கும். இதில் 350, அதுவும் 1500 சுற்றிலேயே. அமுச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. “ரிப்பேர் இல்லை” என்று ஒப்புக்கொண்டாள்.

இதற்குப் பிறகுதான் நாங்கள் எதிர்பார்க்காதது நடந்தது. பையன் மெதுவாக ஓட்ட ஆரம்பித்தான்.

முதல் காரணம் வேகத்தடை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். எங்கள் தெருவில் இருப்பது கவுன்சிலர் தேர்தலுக்கு முந்தின வாரம் மீந்த தாரில் எழுப்பியது. அதற்கு எந்த அளவும் கிடையாது, பக்தி மட்டுமே உண்டு. தாழ்வான வண்டி, பக்கச்சுவர் ஒல்லியான டயர். ஆகவே ஒவ்வொரு தடையையும் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்குகிறான். 230 குதிரை வரிசையில் நிற்க, பக்கத்தில் ஒரு கேன் தண்ணீர் டிரைசைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அவர் பெல் அடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது காரணம் இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்புக்கு மட்டும், 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, ஸ்விஃப்ட்டின் வகுப்புக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1500 சிசிக்கு மேல் போனால் 7,897. வண்டிக்கான காப்பு தனி. அதில் க்ளெய்ம் செய்யாமல் ஐந்து வருஷம் ஓட்டினால் ஐம்பது சதவீதம் தள்ளுபடி. படிக்கிற காலத்தில் கணக்கில் வாங்காத மார்க்கையெல்லாம் அவன் இந்தச் சதவீதத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. டர்போவுக்குக் குளிர்ந்த காற்று வேண்டும். அமுக்கினால் காற்று சூடாகும், சூடானால் லேசாகும். அதனால் நடுவில் இண்டர்கூலர் என்று ஒன்றை வைத்து ஆற்றி அனுப்புகிறார்கள். வெளிக்காற்றே குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நல்லது. கோயமுத்தூரில் காற்று குளிர்ச்சியாகவும் சாலை காலியாகவும் இருக்கிற ஒரே நேரம் விடியற்காலை ஐந்து மணி. ஆகவே பத்து மணிக்குப் படுத்துவிடுகிறான். செகண்ட் ஷோ கிடையாது. ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வாசலில் நிற்கிற மகனைப் பார்த்து அக்கா முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சிகரெட்டையும் விட்டுவிட்டான். சீட்டில் வாசம் ஏறினால் மறுவிற்பனை போய்விடுமாம். அவன் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதே விட்ட பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

இடையில் ஒரே ஒரு விபரீதம். பின்கட்டில் நின்று சிநேகிதனிடம் போனில், “ஸ்டேஜ் ஒன்னு பண்ணிட்டாத் தேவலைன்னு சொல்றாங்க, செலவு ஆகும், வீட்ல சொல்லலை” என்று பேசியிருக்கிறான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். எஞ்சினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அதைச் செய்தால் இன்சூரன்ஸில் பிரச்சினை வரும் என்று தெரிந்ததும் அவனே விட்டுவிட்டான். தள்ளுபடி சதவீதம் முக்கியம்.

வால்பாறைக்கு ஒருமுறை கூட்டிப்போனான். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஸ்விஃப்ட் காலத்தில் ஒவ்வொரு வளைவிலும் நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டிருக்கிறேன். இந்த முறை முன்னால் ஓர் அரசுப் பேருந்து. அதன் டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டு, இன்னொரு கையால் எதையோ எடுத்து மென்றுகொண்டு, சாவகாசமாக ஏறினார். தாண்ட இடமில்லை. தாண்ட அவனுக்கு மனசும் இல்லை. “சக்தி இருக்குதுன்னு தெரிஞ்சா அவசரமே வராதுங்க மாமா” என்றான். இருபத்தாறு வயதில் ஒருவன் இப்படிப் பேசக் கூடாது. கேட்கவே கவலையாக இருந்தது. பாதையோரப் பாறையில் நின்ற வரையாடு ஒன்று, பேருந்தையும் பார்த்தது, எங்களையும் பார்த்தது, பேருந்துக்கு மட்டும் ஒதுங்கி வழிவிட்டது.

மலை இறங்கி வந்து அன்னபூர்ணா ஓட்டல் வாசலில் நிறுத்தினால் அவன் மட்டும் இறங்கமாட்டான். சூடாக இருக்கிற டர்போவை உடனே அணைத்தால் உள்ளே நிற்கிற எண்ணெய் கருகுமாம். ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டுமாம். இப்போதைய வண்டிகளில் அணைத்த பிறகும் குளிர்நீரைச் சுற்றவிட மின்பம்பு இருக்கிறது என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருப்பான். சாம்பார் இட்லி வந்து ஆறிவிடும். சாப்பாட்டை ஆறவிட்டுப் பொறுமையாக இருக்கிற ஆளை எங்கள் வம்சத்தில் நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

வேகமே போகவில்லையா என்றால், போகிறான். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி எஞ்சினை வைத்தே குறைந்த செலவில் பந்தய வண்டி கட்டிக்கொடுத்த கரிவர்தன் பெயரில் 2003-இல் திறந்த 2.1 கிலோமீட்டர் ஓடுபாதை. காசு கட்டி, ஹெல்மெட் மாட்டி, அங்கே அழுத்துகிறான். அங்கே வேகத்தடையும் இல்லை, டிரைசைக்கிளும் இல்லை. திரும்பும்போது நாற்பதில் வருகிறான். என் கருத்தைக் கேட்டால், ஓட்டுகிற சந்தோஷத்துக்கு அந்தப் பழைய ஸ்விஃப்ட்தான் உசத்தி. 87 குதிரையையும் தினமும் தெருவிலேயே பார்த்துவிடலாம். 230-ஐப் பார்க்க டிக்கெட் எடுத்து உள்ளே போக வேண்டியிருக்கிறது.

கொங்கு மண்டலத்தில் பெண் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பையன் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. பத்து மணிக்குத் தூக்கம், ஐந்து மணிக்கு விழிப்பு. சொந்தப் பட்டறை. வண்டி 95 ஆக்டேன் பெட்ரோல்தான் குடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. டிக்கி 590 லிட்டர், கல்யாணச் சாமான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். எங்கள் பக்கத்திலிருந்து நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை அழைப்பன்று காரின் முன்னால் பூமாலை கட்டக் கூடாது. இண்டர்கூலருக்குக் காற்று போகாது.