எலிக்கு யாரு சீட்டு எழுதிக் குடுத்தா?

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில குந்து. அந்தப் போனைக் கீழ வை. கஞ்சியில எத்தினி கலோரின்னு அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஆறாம குடி.

ஒயிட் டவுன் கடையில, பிரெஞ்சு எழுத்துப் போட்ட காயிதப் பையில மாப்பிள்ளை சம்பா வாங்கியாந்தியாமே? ஏன், நம்ம பாகூர் ஏரித் தண்ணியில வெளையாத நெல்லா? போவட்டும், உன் காசு.

மார்கழிப் பனியில ஒருநாளு என்கூட வரப்புக்கு வந்து பாரு. உன் டயட் வாத்தியாருக்கு எலி பாடம் எடுக்கும். பயிரு பச்சையா இருக்கறப்ப தண்டைக் கடிச்சுப் போடும். பொதி கட்டிச்சோ, போச்சு! உள்ள இருக்கிற இளங்கதிரு ருசி அதுக்கு அத்துப்படி. சாய்ச்சு ஒரே வெட்டு, அருவா வெச்சாப்புல. கதிரு முத்தினா, தின்னது போவ மிச்சத்தைப் பொந்துக்கு இழுத்துக்கும். வாசலை மண்ணு தள்ளி மூடிக்கும்.

அறுப்பு முடிஞ்சு இருளருங்க வந்து அந்தப் பொந்தை வெட்டுவாங்க. நான் பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன். வளைஞ்சு வளைஞ்சு போவும், அப்புறம் ஒரு அறை. கையை வுட்டா கதிரு, கதிரு, கதிரு. அள்ளினா மொறம் ரொம்பும். நம்ம ஊட்டுக் குதிருல அன்னிக்கு அவ்வளவு இருந்துச்சான்னு கேக்காத.

புதுத் தீனி வெச்சா எலி ஒடனே பாயும்னு நெனச்சியா? ஒரு நுனி கொறிக்கும். ஒடம்புக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறந்தான் மீதி. அதுக்கு வாந்தி எடுக்க வராதுடா, உள்ள போனது போனதுதான். அதான் அம்புட்டு உஷாரு. ஜிங்க் பாஸ்பைடு எலி மருந்து வெக்கிறவன்கூட மொதல்ல ரெண்டு மூணு நாளு வெறும் தீனி வெச்சு அதுகிட்ட நல்ல பேரு வாங்கணும். நீ? எவனோ போன்ல கண்ணை உருட்டிச் சொன்னான்னு அரைக் கிலோ சியா விதை வாங்கியாந்து, ரெண்டு நாளு வயித்தைப் புடிச்சுக்கினு கொல்லைக்கும் ஊட்டுக்கும் நடந்தியே!

ஆமா, நேத்து ராவு சமையக்கட்டுல கருக்முருக்னு சத்தம் கேட்டுச்சே, ஏந்து பாத்தியா? உன் மாப்பிள்ளை சம்பா காலி. அந்த பிரெஞ்சு எழுத்துக் காயிதத்தையும் நாரு நாராக் கிழிச்சுப் பரண் மேல இழுத்துக்கினு போயிருக்கு. குட்டி போடப் போவுது போல.