தண்ணீர் காட்டியவர்களுக்குத் தண்ணி காட்டிய ரயில்

ஆஸ்திரேலிய ரயில்வே வரலாற்றில் ஊல்டியா என்ற பெயர் வந்தால் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். கிழக்கே போர்ட் அகஸ்டாவிலிருந்தும் மேற்கே கல்கூர்லியிலிருந்தும் நீண்டுவந்த தண்டவாளங்கள் 1917 அக்டோபர் 17 அன்று அங்கேதான் சேர்ந்தன. மொத்தம் 1,693 கிலோமீட்டர். தேசம் ஒன்றாகிவிட்டதாம்! அந்தத் தேசத்தின் அரசியல் சாசனமோ, மக்கள்தொகைக் கணக்கில் பழங்குடிகளைச் சேர்க்காதே என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. எனவே யாரோடு யார் ஒன்றானார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல. பாதையோர நிலையங்களுக்கு பார்ட்டன், வாட்சன், ஃபிஷர், குக் என்று பிரதமர்களின் பெயர்களை வரிசையாகச் சூட்டினார்கள். அவர்களில் ஒருவராவது அந்த மணலில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் இருந்தது ஊல்டியாவில்தான். நிலையத்துக்கு வடக்கே, மணல்மேடுகளுக்கு நடுவே ஓர் ஊற்று. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் களிமண் படுகையில் தங்கும். கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர். சுற்றிலும் வறண்டுபோன காலத்தில்கூட அது கைவிட்டதில்லை. கொகாத்தா மக்களும் தொலைதூரப் பாலைக் குடிகளும் அங்கே கூடிச் சடங்கு செய்தார்கள், பண்டம் மாற்றினார்கள். 1875இல் ஒட்டகங்களோடு வந்த எர்னெஸ்ட் கைல்ஸ் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மேற்கே போனார்.

பிறகு வந்தது ரயில். அதன் தாகம் ஒட்டகத்தின் தாகம் அல்ல. கிணற்றுக்கு மேல் கிணறு வெட்டி, குழாய் பதித்து, தினமும் பல ஆயிரம் கேலன் உறிஞ்சினார்கள். போதவில்லை என்று இன்னும் ஆழமாகத் துளைத்தார்கள். களிமண் படுகை பொத்துக்கொண்டது, உப்புநீர் கலந்தது. பானையின் அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் மொள்பவனை நம் ஊரில் பைத்தியக்காரன் என்போம். அங்கே அவருக்குப் பெயர் பொறியாளர். 1926இல் ஊற்றை விட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். 1951இல் டீசல் எஞ்சின்கள் வந்தன. இனிக் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. என்ன முன்னேற்றம்!

ஊற்றை இழந்தவர்கள் தண்டவாளத்தோரம் வந்து நின்றார்கள். பயணிகள் பூமராங் வாங்கினார்கள், புகைப்படம் எடுத்தார்கள், சில்லறை போட்டார்கள். பழங்குடிகள் கையேந்துகிறார்கள் என்று முகமும் சுளித்தார்கள். 1919 முதல் 1935 வரை அங்கே கூடாரம் போட்டிருந்த டெய்சி பேட்ஸ், பாலை வெயிலிலும் கையுறை கழற்றாத சீமாட்டி, அவர்களுக்கு மாவும் துணியும் கொடுத்தார். அதோடு, இது அழிந்துபோகும் இனம் என்று 1938இல் புத்தகமும் போட்டார். அழியாத அந்த இனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் இருக்கிறார்கள். சாவு ஓலையை முன்கூட்டியே எழுதியவருக்கு ஊல்டியாவில் நினைவுச்சின்னம் இருக்கிறது.

1952இல் அங்கிருந்த கிறிஸ்தவ மிஷன் திடீரென்று மூடப்பட்டது. மக்களைத் தெற்கே யலாட்டாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே வடக்கே ஈமு ஃபீல்டில் பிரிட்டன் அணுகுண்டு வெடித்தது. 1956, 57இல் மாராலிங்காவில் ஏழு குண்டுகள். காலி நிலமாம்! குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டால் எந்த நிலமும் காலி நிலம்தானே? மிச்சமிருந்தவர்களை எச்சரிக்கப் பலகைகள் வைத்தார்கள், ஆங்கிலத்தில். அந்த மக்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பல லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பொறுப்பாக இருந்த ரோந்து அதிகாரி மெக்டூகல், இது ஆபத்து என்று முறையிட்டார். பிரிட்டிஷ் காமன்வெல்த்தின் நலனைவிட ஒரு கைப்பிடிப் பழங்குடிகளை இவர் பெரிதாக நினைக்கிறார் என்று தலைமை விஞ்ஞானி பியூட்மென்ட் எழுத்திலேயே எரிந்து விழுந்தார்.

1957 மே மாதம், குண்டு வெடித்த பள்ளத்தருகே ஒரு குடும்பம் தங்கியிருந்ததைச் சிப்பாய்கள் கண்டார்கள். கணவன், கர்ப்பிணி மனைவி, இரண்டு குழந்தைகள், வேட்டை நாய்கள். அவர்களைக் குளிக்க வைத்தார்கள். நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று சிப்பாய்களுக்கு உத்தரவு. வயிற்றிலிருந்த பிள்ளை செத்துப் பிறந்தது.

பழங்குடிகளையும் கணக்கில் சேர்க்கலாம் என்று 1967இல் வாக்கெடுப்பு நடத்தி ஆஸ்திரேலியா தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது. அதே ஆண்டு மாராலிங்காவில் பிரிட்டிஷ்காரர்கள், பரப்பிவைத்த புளூட்டோனியத்தை மண்ணோடு மண்ணாக உழுது மூடிவிட்டு, சுத்தம் செய்தாயிற்று என்றார்கள். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் பிடிக்கும்.

ஊல்டியாவில் இன்று ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்தியன் பசிபிக் சொகுசு ரயில் அதைக் கடந்து ஓடுகிறது. மாராலிங்கா மண்ணை மறுபடி சுத்தம் செய்து 2000இல் முடித்தபோது ஆன செலவு 10.8 கோடி டாலர். அந்த மண்ணின் மக்களுக்கு 1994இல் ஆஸ்திரேலிய அரசு கொடுத்து எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்ட நஷ்டஈடு 1.35 கோடி டாலர்.